திருநகர் மொட்டை மாடியில் மூன்று கிலோவாட்: ஓராண்டு வரவு செலவு

மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டின் மொட்டை மாடியில் நிறுவிய மூன்று கிலோவாட் சூரிய மின் அமைப்புக்கு, வாங்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் தனித்தனியே அளக்கும் இருவழி மீட்டர் பொருத்தி, இந்தக் கார்த்திகையோடு ஓராண்டு நிறைகிறது. அமைத்துக் கொடுத்தது மதுரையிலேயே அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. நான் கண்ட குறைகளில் பாதி அந்த நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பது, பேனல் போட்ட வேறு மூன்று வீட்டுக்காரர்களிடம் பேசியபோது தெரிந்தது. நூற்பாலை ஒன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் நான். ஆகவே இந்த மதிப்புரையில் கணக்கு சற்றுத் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இதை ஏன் வாங்கினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2024 கோடையில் எங்கள் வீட்டு இரண்டு மாத மின் செலவு 760 யூனிட்டைத் தொட்டது. கட்டணம் ஏறக்குறைய 4,400 ரூபாய். தமிழ்நாட்டில் அப்போது வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் 500 யூனிட்டைத் தாண்டியதும், அதுவரை இரண்டு ரூபாய்ச் சொச்சத்தில் கிடைத்துவந்த 101 முதல் 200 வரையிலான யூனிட்களுக்கும் விலை இரட்டிப்பானது என்பதையும், 600க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் ஒன்பது ரூபாயைக் கடந்தது என்பதையும் கட்டண அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. 500க்கு மேல், மேல்படிக்கட்டில் நிற்கும் அந்த 260 யூனிட்தான் எங்கள் கட்டணத்தில் பாதிக்கு மேல் தின்றது. அதைக் கழற்றிவிட்டால் போதும் என்பதே என் எண்ணம்.

விற்பனைக்கு வந்த தம்பி நல்லவர், பேச்சும் மரியாதையாகத்தான் இருந்தது. அவர் நீட்டிய தாளில்தான் முதல் இடறல். மூன்று கிலோவாட், நாளொன்றுக்குக் கிலோவாட்டுக்கு நான்கு யூனிட், ஆண்டுக்கு 4,380 யூனிட், யூனிட்டுக்கு எட்டு ரூபாய், ஆக ஆண்டுக்கு 35,040 ரூபாய் மிச்சம். நான்கே ஆண்டில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும் என்று அதில் அச்சடித்திருந்தார்கள். நான்கு யூனிட் என்ற கணக்கில் பெரிய தவறில்லை, நம் பக்கத்து வெயிலுக்கு எல்லோரும் சொல்லும் சராசரி அது. தவறு எட்டு ரூபாயில் இருக்கிறது. நான் மிச்சப்படுத்தும் யூனிட்களில் சில ஒன்பது ரூபாய் பெறுமானம், பல நான்கரை, ஐந்து ரூபாய் பெறுமானம், இன்னும் சில ஏற்கெனவே அரசு எனக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருப்பவை. எல்லாவற்றையும் ஒரே விலையில் பெருக்கினால் தாள் அழகாக இருக்கும், பற்றுவரவு ஒத்துப்போகாது. என் ஆறு பில்களையும் அடுக்கிவைத்துப் பார்த்தால், அந்த ஆண்டு முழுவதற்கும் நான் கட்டிய தொகையே 17,900 ரூபாய்தான். கட்டாத பணத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று கேட்டேன். தம்பி சிரித்தார்.

விலை 2,10,000 ரூபாய். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்த சூரிய வீடு (பி.எம். சூர்ய கர்) திட்டத்தின்படி, முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் மானியம் வங்கிக் கணக்குக்கு நேராக வந்து சேர்ந்தது. மானியம் வேண்டுமானால் பேனலும் அதற்குள் இருக்கும் சூரிய செல்களும் இரண்டுமே இந்தியாவில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அதனால் விலை சற்றுக் கூடுதல். என் கைப்பணம் 1,32,000 ரூபாய். இப்போது வாங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் சூரியப் பேனல் உள்ளிட்ட கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

என் கணக்கின்படி போட்ட முதல் திரும்ப ஏழரை ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். ஏழரை என்ற எண்ணைக் கேட்டதும் என் மனைவியின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வாங்கினோம். பேனலுக்கு 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் தருகிறார்கள் என்பதால், அந்த ஏழரைக்குப் பிறகு வருவது லாபம்தானே என்று நான் வாதாடினேன். அப்போது எனக்கு வயது என்ன இருக்கும் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பொருத்த வந்தவர்கள் உசிலம்பட்டிப் பக்கத்து இளைஞர்கள் இருவர், ஐ.டி.ஐ. படித்தவர்கள். இந்தச் சேவை முழுவதிலும் நான் மனமாரப் புகழக்கூடிய பகுதி அவர்கள் செய்த வேலைதான். சாதாரணமாக முழங்கால் உயரத்தில் பேனலைச் சாய்த்து வைத்துவிட்டுப் போவது வழக்கம். அப்படி வைத்தால் மாடியில் பாதி போய்விடும், வடகம் காயவைக்கக்கூட இடமிருக்காது என்பது வீட்டம்மாவின் நிபந்தனை. 15,000 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு ஏழடி உயரத்தில் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் எழுப்பினார்கள் (மேலே சொன்ன விலையில் இதுவும் அடக்கம்). ஆறு பேனல்கள், ஒவ்வொன்றும் 540 வாட், தெற்கு நோக்கிப் பத்துப் பாகை சாய்வு. மதுரை இருப்பதும் ஏறக்குறையப் பத்துப் பாகை அட்சரேகையில்தான் என்பதால் அந்தச் சாய்வு. சித்திரை பிறந்த சில நாளில் நண்பகலில் மாடியில் நின்றால் நம் நிழல் நம் காலடியிலேயே ஒடுங்கிவிடுவதைப் பார்க்கலாம். எர்த் குழி மூன்று வேண்டும், பேனல் பக்கத்துக்கு ஒன்று, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. நிறுவனம் இரண்டுக்குத்தான் பொருள் அனுப்பியிருந்தது. "அய்யா, மூணாவது குழி இல்லாம நாங்க கையெழுத்துப் போட மாட்டோம்" என்று அலுவலகத்துக்குப் போன் செய்தவர்கள் அந்த இளைஞர்களே. வாங்குபவர்கள் இந்த மூன்றை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோளாறு கால் ஊன்றிய இடத்தில் வந்தது. எங்கள் மாடி பழைய தட்டோடு பதித்த மாடி. சட்டத்தின் கால்களைக் கான்கிரீட் கட்டை வார்த்து அதன்மேல் நிறுத்துவதாகத் தாளில் இருந்தது. மேற்பார்வைக்கு வந்தவர் நாள் மிச்சமாகும் என்று சொல்லி இரண்டு கால்களுக்கு மட்டும் தட்டோட்டைத் துளையிட்டு போல்ட் இறக்கச் சொல்லிவிட்டார். புரட்டாசியில் செய்த வேலை. ஐப்பசி அடைமழையின் மூன்றாம் நாள் பூஜையறைக் கூரையில், சரியாக மீனாட்சி படத்துக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் ஓர் ஈரத்திட்டு தோன்றியது. மறுநாள் அது முறம் அளவு ஆயிற்று. புகார் சொல்லி ஒன்பதாம் நாள் ஆள் வந்து, போல்ட்டைச் சுற்றி ரசாயனப் பூச்சு வைத்து, கட்டை வார்த்து மூடினார்கள். அதன் பிறகு ஒழுகவில்லை. கூரைக்கு மறுபடியும் வெள்ளையடித்த செலவு என்னுடையது.

அடுத்தது பெயர். எங்கள் மின் இணைப்பு என் காலஞ்சென்ற தந்தையார் பெயரில் இருந்தது. பெயர் மாற்றம் செய்ய வேண்டுமா என்று விண்ணப்பிக்கும் முன்னரே இரண்டு முறை கேட்டேன். தேவையில்லை, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பேனல் ஏறிய பிறகு, மானியத்துக்கான வங்கிக் கணக்குப் பெயரும் இணைப்பின் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் நின்றுவிட்டது. வாரிசுச் சான்று, வீட்டுவரி ரசீது, உடன்பிறந்தோரின் ஒப்புதல் என்று அலைந்து முடிக்க ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் 3.24 கிலோவாட் பேனல் மாடியில் சும்மா வெயில் காய்ந்தது. இருவழி மீட்டர் வரும் முன்னே ஓட்டிப் பார்க்கலாம் என்று நிறுவனத்தில் ஒருவர் யோசனை சொன்னார். நான் மறுத்தேன், வெளியே போகும் யூனிட்டையும் பழைய மீட்டர் செலவாகவே எழுதிவிட வாய்ப்புண்டு என்று மில்லில் எங்கள் எலக்ட்ரீஷியன் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுப் பேனலுக்குப் பணம் கட்டுங்கள் என்பதை ஒவ்வொருவருக்கும் அழுத்திச் சொல்வேன்.

இனி விளைச்சல். ஓராண்டில் இன்வெர்ட்டர் காட்டிய மொத்தம் 3,870 யூனிட், தாளில் அச்சடித்ததில் ஏறக்குறைய 88 விழுக்காடு. பலரும் எதிர்பார்ப்பதற்கு மாறாக, அதிகம் தந்தது அக்கினி நட்சத்திரக் காலம் அல்ல. மாசியில் சில நாள்கள் 14 யூனிட் வரை வந்தது. சித்திரைக் கத்திரி வெயிலில் 12ஐத் தொடுவதற்கே மூச்சு வாங்கியது. பேனலின் வாட் அளவு என்பது செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கையில் அளந்தது. நம் ஊர்ச் சித்திரையில் நண்பகலில் பேனலைத் தொட்டால் கை பொசுங்கும். அறுபது டிகிரிக்குக் குறையாது. ஒவ்வொரு டிகிரிக்கும் மூன்றில் ஒரு விழுக்காட்டை ஒட்டி உற்பத்தி இறங்கும் என்றால், வெயில் கொளுத்தும்போதே பத்து விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், வெக்கை அல்ல.

இன்னொரு இழப்பு பக்கத்து வீட்டுத் தென்னை. நிழல் ஆய்வுக்கு வந்தது ஆகஸ்ட் மாதம். அப்போது சூரியன் நம் தலைக்கு நேராகப் போய்க்கொண்டிருந்ததால் தென்மேற்கில் நிற்கும் அந்த மரத்தின் நிழல் மாடிப்பக்கம் வரவே இல்லை, "நிழல்: இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தபோது மூன்று மணிக்கே இரண்டு மட்டைகளின் நிழல் கடைசிப் பேனலில் விரல் விரித்தது. பேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றின் மேல் விழும் நிழல் வரிசை முழுவதையும் இழுக்கிறது. ஆகஸ்டில் நிழல் பார்ப்பவர் மார்கழி நிழலையும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அதற்கான செயலி அவர் கைபேசியிலேயே இருந்தது.

திறன் வேறு, விளைச்சல் வேறு என்ற இந்தப் பாடம் என் மாடிக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவின் மின்னுற்பத்தித் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாத மூலங்களுக்கு உரியது என்ற நிலையை 2030க்கு வைத்த இலக்குக்கு ஐந்து ஆண்டு முன்பே, 2025இல் எட்டிவிட்டோம். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உற்பத்தியான யூனிட்களை எண்ணினால் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியிடமே. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகப் போனால் வரும் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் தொடங்கியபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே பெரியது என்றார்கள். அதுவும் என் ஆறு பேனல்களைப் போலவே மாலை ஆறரைக்குக் கண்ணை மூடிவிடும். நாம் விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் போடும் நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

விற்பனைத் தாளில் இல்லாத இன்னொரு செய்தி: மின்தடை வந்தால் இந்த அமைப்பும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்திய முதல் நாள், மாடியில் சுள்ளென்ற வெயில், கீழே மின்விசிறி ஓடவில்லை. என் பேரன் மாடிக்கும் கூடத்துக்கும் நான்கு முறை ஓடிப் பார்த்தான். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வெளி மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடுதான், முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவே. பேட்டரி சேர்த்த அமைப்பு வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் என் ஏழரை ஆண்டுக் கணக்கு பத்தைத் தாண்டிவிடும். மின்தடைக்கென்று முன்பே வைத்திருந்த பழைய பேட்டரிப் பெட்டியை எடைக்குப் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

மின்தடை என்றதும் மில்லின் நினைவு வராமல் இருக்காது. 2008க்கும் 2013க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத காலம் இருந்தது. நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்த பெருஞ்செலவு மின்சாரம். ஜெனரேட்டர் ஓட்டினால் யூனிட் விலை இரு மடங்குக்கு மேல் போகும். நெசவுக்காரரிடம் நூலுக்கு அந்த விலையைக் கேட்க முடியாது, ஆகவே மூன்றாம் ஷிப்ட்டை நிறுத்தினோம். எங்களைக் காப்பாற்றியது ஆரல்வாய்மொழியில் முதலாளி வாங்கிப் போட்டிருந்த இரண்டு காற்றாலைகள். இந்த மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவும் தொண்ணூறுகளில் இருந்தே காற்றாலை வாங்கியது சுற்றுச்சூழல் பற்றினால் அல்ல. தேய்மானச் சலுகையில் வருமான வரி குறையும், ஆடிக் காற்றில் மின்கட்டணமும் குறையும் என்பதனால். தூய்மையான மின்சாரம் தொழிலை வளர்க்குமா, முடக்குமா என்று கூட்டங்களில் விவாதிக்கிறார்கள். எங்கள் பேரேட்டில் அது முப்பது ஆண்டுக்கு முன்பே வரவுப் பக்கத்தில் ஏறிவிட்டது.

கணக்கனாக எனக்குத் தோன்றுவது இதுதான். தூத்துக்குடி அனல் மின்நிலையத்துக்கு நிலக்கரி ஒடிசாவிலிருந்து கப்பலேறி வருகிறது. எரிந்து முடிந்ததும் மறுபடி வாங்க வேண்டும். அது செலவுக் கணக்கு, ஆண்டுதோறும் திரும்ப வரும். வெயிலுக்கும் காற்றுக்கும் பில் வராது. அதற்கு மாறாக முதல் நாளே முழுப் பணத்தையும் கொட்ட வேண்டும். அது மூலதனக் கணக்கு. ஆகவே இனி வரும் வளர்ச்சி எந்த வட்டிக்குக் கடன் கிடைக்கிறது, போட்ட பொருளை எவ்வளவு நன்றாகப் பராமரிக்கிறோம், அதைச் செய்யும் கைகள் எந்த ஊரில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து அமையும். கங்கைகொண்டானில் 2025 பிப்ரவரியில் முறைப்படி திறக்கப்பட்ட டாட்டாவின் 4.3 கிகாவாட் செல், பேனல் ஆலை நம் தெற்குச் சீமைக்கு வந்தது எனக்கு மகிழ்ச்சி. அதே நேரத்தில், செல்லுக்கு அடிப்படையான சிலிக்கான் வில்லைகள் இன்னும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன என்பதையும் மறக்கவில்லை. கப்பலூரிலும் கே.புதூரிலும் பட்டறை நடத்தும் நண்பர்களுக்கோ வேறு மனத்தாங்கல்: வெளியே அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழித்துக்கொள்ளும், வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் அந்தக் கழிப்பு முறை அவர்களுக்கு இல்லை, கூரையில் தாமே விளைவித்த மின்சாரத்துக்கும் மின்கம்பிக் கட்டமைப்புக்கான கட்டணம் கேட்பதாக வெகுநாளாகச் சிறுதொழிலோர் முறையிட்டு வருகிறார்கள். வேலை கொடுப்பவன் கூரையில் பேனல் ஏறுவதைக் கடினமாக்கிவிட்டு ஓய்வூதியக்காரன் கூரைக்கு மானியம் கொடுப்பது, எனக்கு லாபமே என்றாலும், சரியான வரிசையாகப் படவில்லை.

மதிப்புரைக்குத் திரும்புகிறேன். பராமரிப்பு என்பது பெரும்பாலும் கழுவுதல்தான். திருநகரின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவினால் ஈரம் காய்ந்ததும் பேனல் முழுவதும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். அது தூசியை விடக் கெட்டது, துடைத்தாலும் போகாது. நிறுவனத்து ஆள் முதல் முறை அப்படித்தான் கழுவிவிட்டுப் போனார். இப்போது குடிநீர்க் குழாயில் இரண்டு வாளி பிடித்து, விடியற்காலையில் பேனல் குளிர்ந்திருக்கும்போது, நீண்ட கம்பில் கட்டிய மென்மையான துடைப்பானால் நானே கழுவுகிறேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அரை மணி நேரம். திருப்பரங்குன்றம் பக்கமிருந்து வரும் மயில்கள் சில நாளில் வேலையைக் கூட்டிவிடும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு 6,000 ரூபாய் கேட்டார்கள், ஆண்டுக்கு நான்கு முறை வருவார்களாம். என் ஆண்டு மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அது. வேண்டாம் என்றேன்.

ஆடியில் காற்று வலுத்தபோது ஒரு பேனலின் பிடிப்பு தளர்ந்து இரவெல்லாம் டக்டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. புகார் எண் உடனே கிடைத்தது, ஆள் பதினெட்டாம் நாள் வந்தார். இடையில் உசிலம்பட்டித் தம்பிகளில் ஒருவர், நிறுவனத்தை விட்டு விலகித் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தவர், நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு ஞாயிறு வந்து ஆறு பேனல்களின் போல்ட்டையும் முறுக்கிக் கொடுத்துவிட்டு, பெட்ரோலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனார். பொருளுக்கு ஐந்தில் நான்கு தருவேன், பொருத்திய கைகளுக்கு ஐந்துக்கு ஐந்து, விற்ற பின் வரும் சேவைக்கு இரண்டு.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் செலவழிப்பவர்கள் 2024 கட்டணப்படி 700 ரூபாய்ச் சொச்சம்தான் கட்டினார்கள், அவர்களுக்கு இது வேண்டாம், போட்ட முதல் திரும்ப ஒரு தலைமுறை ஆகும். 600ஐத் தாண்டுபவர்கள் தயங்க வேண்டியதில்லை. இந்த ஆண்டு மார்ச், ஏப்ரலில் நாங்கள் 790 யூனிட் செலவழித்தோம், வெயில் கரண்டுதானே என்று பகலில் குளிர்சாதனம் ஓடியதன் விளைவு. மாடி 712 தந்தது. அதில் 300ஐ நேரே பயன்படுத்தி, 412ஐ வெளியே அனுப்பி, 490ஐ உள்ளே வாங்கினோம். கழித்தால் 78, இலவச வரம்புக்குள். பில் தொகை பூஜ்யம். அந்தப் பில்லை என் மனைவி மளிகைக் கணக்கு நோட்டில் மடித்து வைத்திருக்கிறார். மார்கழிக்குள் இரண்டு மட்டைகளை வெட்டிவிடுகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். மரம் ஏற ஆள்தான் கிடைக்கவில்லை.